முதல் வேலை யாருக்குக் கீழே? பட்டறை, பெரிய கம்பெனி, சொந்தக்காரர் யூனிட்: ஓர் ஒப்பீடு

என் அக்கா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்பியூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தான். மூன்று இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், எதில் சேர்வது என்று தெரியவில்லை என்றான்.

முதலாவது, கோவை சின்னவேடம்பட்டியில் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறை, அதாவது மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறை. 4 லேத் (கடைசல் மெஷின்), 2 சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்), ஒரு மில்லிங் மெஷின். வேலையாட்கள் 11 பேர். மாதம் 14,000 ரூபாய். இரண்டாவது, அவினாசி ரோட்டில் அரசூர் தாண்டி ஒரு பெரிய கம்பெனியில் ஓராண்டு அப்ரெண்டிஸ். மாதம் 11,000, கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு. மூன்றாவது, அவனுக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர் திருப்பூரில் நடத்தும் பனியன் எக்ஸ்போர்ட் யூனிட். அங்கே மெயின்டனன்ஸ் மேற்பார்வை. 18,000, தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு.

நோட்டுத் தாளில் கோடு போட்டு ஒரு பட்டியலே கொண்டுவந்திருந்தான். சம்பளம், தூரம், லீவு, பி.எஃப்., சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நன்றாகத்தான் யோசித்திருந்தான். “யாருக்குக் கீழே வேலைன்னு ஒரு கட்டம் போடலையே மாப்ளை” என்றேன். “அது உள்ள போனாத்தானுங் மாமா தெரியும்” என்றான்.

வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கொஞ்சம் மெனக்கெட்டால் சேரும் முன்பே பாதிக்கு மேல் தெரிந்துகொள்ள முடியும். பட்டறைகளில் 9 வருடம், அப்புறம் பெரிய கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 17 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். தங்கமான ஆட்களுக்குக் கீழேயும் இருந்திருக்கிறேன், காலையில் எழுந்தாலே வயிற்றைப் பிசையவைத்த ஆட்களுக்குக் கீழேயும் இருந்திருக்கிறேன். 20 வயதில் யாரிடம் தொழில் பழகுகிறோமோ அவருடைய பழக்கம் நமக்கு ஒட்டிக்கொள்கிறது. டூல் தீட்டுவது மட்டுமில்லை, நமக்குக் கீழே ஒரு பையன் வரும்போது அவனிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் முதல் வேலைக்கு முதலாளியைப் பார்த்துவிட்டுத்தான் சம்பளத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எதை வைத்துப் பார்ப்பது என்பதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

37 ஷாப்ட்

ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறை. எனக்கு அப்போது 20 வயது. பம்ப்செட்டுக்கான ஷாப்ட், அதாவது சுழலும் தண்டு, ஓட்டிக்கொண்டிருந்தோம். பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாக நிற்க வேண்டும், அப்போதுதான் பேரிங் இறுக்கமாக உட்காரும். காலையிலிருந்து 37 ஷாப்ட் முடித்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியில் பார்த்து, எண்ணெய் தடவி வரிசையாக அடுக்கியிருந்தேன். மூன்று மணி டீக்கு அப்புறம் பட்டறையில் மூத்த டர்னர் ஒருவர் புதுப் பேரிங் ஒன்றை எடுத்து ஒரு ஷாப்ட்டில் போட்டுப் பார்த்தார். தட்டவே வேண்டியிருக்கவில்லை. கையால் தள்ளியதும் உள்ளே போய்ச் சும்மா சுற்றிக்கொண்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

எனக்குக் கைகால் உதறியது. பக்கத்து லேத்தில் நின்றவர் காதோரம் வந்து, “டாட் பஞ்ச் அடிச்சா டைட் ஆயிரும், ஓனர்கிட்டச் சொல்லாத” என்றார். பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தினால் இரும்பு மேலெழும்பிப் பேரிங்கைக் கவ்விக்கொள்ளும். அனுப்பும்போது யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில், நாலைந்து மாதம் கழித்து மோட்டார் கத்த ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த மைக்ரோமீட்டரை வாங்கினார். பெட்டிக்குள் கிடந்த, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் 25 மில்லி செட்டிங் பீஸைத் துணியில் துடைத்து, மைக்ரோமீட்டரின் வாயில் வைத்துத் திருகினார். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது 4 கோடு தள்ளி நின்றது. அதாவது 0.04 மில்லிமீட்டர் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஓட்டிய ஷாப்ட் எல்லாம் அந்த அளவுக்கு மெலிந்துபோயிருந்தது. முந்தின வாரம் யாரோ அதைக் கீழே போட்டிருக்கிறார்கள். திட்டு விழும் என்று பயந்து பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள்.

யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை. மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார். “விழுந்தா வந்து சொல்லுங்க, திட்ட மாட்டேன். சொல்லாம வெச்சாத்தான் நமக்கு நட்டம்” என்றார். வேலை கொடுத்தவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, நாலு நாள் தவணை கேட்டார். அந்த 37-ஐயும் பருமன் ஏற்ற ஹார்டு குரோம் பூச்சுப் போட அனுப்பி, திரும்பக் கிரைண்டிங் பிடித்துக் கொடுத்தோம். செலவு முழுக்க அவருடையது. மறுநாளிலிருந்து, மெஷின் போடும் முன் செட்டிங் பீஸ் வைத்து ஜீரோ பார்ப்பது அந்தப் பட்டறையின் வழக்கமாகிவிட்டது. நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

பல வருடம் கழித்து வேறொரு கம்பெனி. நல்ல படிப்பு படித்த மேலாளர். காலை 9 மணிக்கு நின்றுகொண்டே ஒரு மீட்டிங் போடுவார். முந்தின நாள் ரிஜெக்‌ஷனைப் போர்டில் எழுதி, எந்த மெஷினில் போனதோ அந்த ஆளை முன்னால் நிறுத்தி எல்லார் எதிரிலும் கேள்வி கேட்பார். மூன்றே மாதத்தில் ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது. மேலிடத்தில் அவருக்குப் பாராட்டும் கிடைத்தது. நடந்தது வேறு. கெட்டுப்போன பீஸ்களை ஆட்கள் இரும்புச் சுருள் போடும் டிரம்முக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். சுருளோடு சுருளாக அது பழைய இரும்புக்காரருக்குப் போய்விட்டது. வருடக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது காஸ்டிங் (வார்ப்பு) கணக்கு இடித்தது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். தெரிந்தும் நானும் அப்படித்தான் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனார். அந்தப் பிரிவுகளில்தான் எண்ணிக்கை அதிகமாக வந்தது. தோண்டிப் பார்த்தபோது, அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, நடந்ததைப் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள் என்று புரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சுருள் டிரம்தான் கண்முன் வந்தது.

பயம் முதலாளி பக்கமும் இருக்கும். பையன் வேலை பழகிவிட்டால் அடுத்த தெருவில் லேத் போட்டு நம் கஸ்டமரையே இழுத்துக்கொள்வான் என்ற பயம். டூல் தீட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மேஸ்திரியிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ரேட் பேச ஆள் வந்தால் பையனை டீ வாங்க அனுப்பிவிடுகிற முதலாளியையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் பத்து வருடம் நின்றாலும் கை பழகும், தொழில் பழகாது.

ஆக மூன்று இடத்தையும் நான் பார்த்தது ஒரே கண்ணோடுதான்: எங்கே பயம் குறைவு?

பட்டறை

சின்னவேடம்பட்டிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். வாரச் சம்பளம் போடும் நாள். சம்பளம் வாங்கும்போது ஆட்களின் முகத்தைப் பார்த்தால் நிறையத் தெரியும். முதலாளி பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “வாங்க, உக்காருங்க” என்றார். ஐம்பதைத் தொட்டவர். சி.என்.சி. பக்கத்திலிருந்துதான் எழுந்து வந்தார்.

அளவு பார்க்கும் சமதள மேசையான சர்ஃபேஸ் பிளேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தட்டு அடித்திருந்தது. அதில் ஏழெட்டுக் கெட்டுப்போன பீஸ்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் எழுதியிருந்தது: “டூல் தேஞ்சது”, “ஆஃப்செட் மாத்திப் போட்டது”, “ஜாப் ஆடினது”. தேதியும் இருந்தது. யார் ஓட்டியது என்ற பெயர் மட்டும் எதிலும் இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனது நிறைந்துவிட்டது.

பையனிடம் குழாய் மாதிரியான ஒரு புஷ்ஷையும், அளக்க வெர்னியரையும் கொடுத்து உள்விட்டம் அளக்கச் சொன்னார். 32.46 என்றான். “உள்வாய் நடு விட்டத்துல நிக்கணும் தம்பி. கொஞ்சம் தள்ளினாக் குறைச்சுக் காட்டும்” என்று சொல்லி, அவன் விரல்மேல் தன் விரலை வைத்து மெல்ல ஆட்டிக் காட்டினார். இப்போது 32.52. “பாலிடெக்னிக்ல இப்படிச் சொல்லலையா?” என்று கேட்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இங்கே வேலை பழகிப் போனவர்களில் எத்தனை பேர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள்? அவர் விரல் விட்டு எண்ணினார். கணபதியில் ஒருவர், வெள்ளக்கிணறு பக்கம் ஒருவர், இன்னும் இருவர். “நம்மகிட்ட வேலை மேல விழுந்தா அவங்களுக்குத்தானுங்க அனுப்பறது. ஆயுத பூஜைக்கு இங்க வந்து பொரி வாங்கிட்டுப் போய்த்தான் அவங்க பட்டறையில பூஜை போடுவாங்க” என்றார். முதலாளியைப் பற்றி விசாரிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. விட்டுப் போனவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். “நன்றி கெட்டவன்” என்ற சொல் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

நம் பக்கத்துத் தொழில் வளர்ந்ததே இப்படித்தான். கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் ஓட்டித்தான் தொடங்கினார். அந்தப் பஸ்ஸுக்குக் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டவர் கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ். வேலைக்கு வந்த பையன் தனியாகப் போய்விடுவானே என்று அவர் கணக்குப் போட்டிருந்தால் கோவைக்குக் கிடைத்த ஜி.டி.நாயுடு வேறு மாதிரி இருந்திருப்பார். இன்றைக்கும் கணபதியிலும் பீளமேட்டிலும் ஒரு பட்டறைக்காரரிடம் யாரிடம் தொழில் பழகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சொல்லும்போது எழுந்து நின்றுகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கூகுள் நிறுவனம் 2008 வாக்கில், மேனேஜர் என்று ஒருவர் தேவைதானா என்று தனக்குள்ளேயே ஓர் ஆய்வு நடத்தியது. நல்ல மேனேஜருக்கு எட்டுக் குணம் என்று பட்டியல் வந்தது. பக்கத்தில் இருந்து பழக்கிவிடுவது முதலிடம், டெக்னிக்கல் அறிவு எட்டாமிடம். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அது சரியாக இருக்கலாம். பட்டறைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டூலைத் தானே தீட்டத் தெரியாத ஆள், பையன் தீட்டிய டூல் ஏன் எரிகிறது என்று எப்படிச் சொல்வார்? முதல் வேலையில் நம்மைவிட வேலை தெரிந்த ஆளுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் பட்டறைதான் முன்னால் நிற்கிறது. முதலாளி பத்தடி தூரத்திலேயே நிற்கிறார்.

நாங்கள் இருந்தபோதே ஒரு பையனைப் பார்த்து அவர் கத்தினார். முழுக்கைச் சட்டையின் கைப் பொத்தான் போடாமல், லேத்தில் ஜாப்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தான். கெட்டியான குரலில்தான் திட்டினார். என் அக்கா மகன் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் அவனிடம் சொன்னேன்: திட்டுகிறாரா என்று பார்க்காதே, எதற்குத் திட்டுகிறார் என்று பார். சட்டைக்கை சக்கில் மாட்டினால் கையே போய்விடும். அதற்குத் திட்டாத ஆள்தான் பயப்பட வேண்டிய ஆள். நம் ஊரில் பேச்சு எப்போதும் “வாங்க, போங்க” என்று மரியாதையாகவே இருக்கும். அந்த “ங்க”வை மட்டும் வைத்து ஒருவரை நல்ல முதலாளி என்று முடிவு கட்டிவிட முடியாது.

குறைகளும் உண்டு. 11 பேர் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டியாக வேண்டும், கட்டுகிறார், எல்லாருக்கும் கார்டு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பி.எஃப். 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், இங்கே இல்லை. ஆர்டர் குறைந்தால் சம்பளம் ஒரு வாரம் தள்ளிப் போகலாம். ஒரே ஆளிடம் பழகுவதால் அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாமல் போகும். அவருக்கு ஒரு நாள் மனது சரியில்லை என்றால் பட்டறை முழுக்க அது தெரியும். ஒதுங்க வேறு டிபார்ட்மென்ட் கிடையாது.

பெரிய கம்பெனி

இங்கே மரியாதை, முறை, ஒழுங்கு எல்லாம் உண்டு. 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி சேர்ப்பார்கள். டிப்ளமோக்காரருக்குக் குறைந்தது 8,000 என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். இந்தக் கம்பெனி அதற்கு மேலேயே கொடுக்கிறது. முடித்தால் சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அப்ரெண்டிஸ் என்பவர் சட்டப்படி பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. வருடம் முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயமும் இல்லை.

ஆட்களை விசாரிக்க வேண்டுமே! ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய்ப் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். டீக்கடையில் இரண்டு அப்ரெண்டிஸ் பையன்கள் கிடைத்தார்கள். ஒருவன் மெஷின் லைனில் இருக்கிறான். எட்டு மாதமாக ஒரே மெஷினில் காஸ்டிங்கை ஏற்றி இறக்கிப் பச்சைப் பட்டனை அமுக்குகிறான். அவன் சூப்பர்வைசரின் பெயரைக் கேட்டேன். “இப்ப யாருன்னு தெரியலைங்க, மாறிட்டே இருப்பாங்க” என்றான். இன்னொருவன் கம்பெனிக்கு வேண்டிய டூல்களைச் செய்யும் டூல் ரூமில் இருக்கிறான். அவன் பேசும்போதே வேறு மாதிரி இருந்தது. ஃபோர்மேன் வாரம் ஒரு டிராயிங் கொடுத்து, மெஷினைத் தொடும் முன்பு எப்படிப் பிடிக்கப்போகிறாய், எதை முதலில் வெட்டப்போகிறாய் என்று எழுதிக் காட்டச் சொல்கிறாராம். தப்பாக எழுதினால் அப்படியே செய்து பார்க்க விட்டு, எங்கே முட்டுகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்கிறாராம். கேட்கும்போதே எனக்கு ஆசையாக இருந்தது. நானே போய்ச் சேர்ந்துவிடலாம் போல இருந்தது.

ஒரே கேட், ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன். உள்ளே இரண்டு வேறு வாழ்க்கை. பெரிய கம்பெனியில் கம்பெனிப் பெயரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, செக்‌ஷனையும் அங்கே நிற்கிற ஃபோர்மேனையும் கேட்க வேண்டும். டூல் ரூம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போ, லைன் என்றால் வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். மனிதவளப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டான். சேர்ந்த பிறகுதான் பிரிவு சொல்வோம், மாற்றமும் வரலாம் என்றார்கள். அவர்கள் பக்கம் அதுதான் முறை, குறை சொல்ல முடியாது. நமக்குத்தான் உதவவில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. டிப்ளமோ முடித்து ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர்களை இந்த அப்ரெண்டிஸ் திட்டத்தில் எடுக்க மாட்டார்கள். பட்டறைக்குப் போய் ஒரு வருடம் ஓடிவிட்டால் இந்த வழி அடைந்துவிடும். பல பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. வரிசை முக்கியம்.

சொந்தக்காரர் யூனிட்

பெரியப்பாவை எனக்கும் தெரியும். தங்கமான மனிதர். சொந்தத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவர். நல்ல மனிதர் என்பதாலேயே நம் பையனுக்கு நல்ல முதலாளியாக இருந்துவிடுவார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

20 வயதுப் பையன், முதலாளியின் சொந்தம், வந்ததும் மேற்பார்வை. அங்கே பேட்லாக், ஓவர்லாக் தையல் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிற மெக்கானிக்குகள் இவன் பிறப்பதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் இவனிடம் உண்மையைப் பேசுவார்களா? இவன் காதில் விழுந்தால் சாயங்காலம் முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும் என்றுதான் நினைப்பார்கள். இவன் ஒரு தப்புச் செய்தால் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், சிரித்துக்கொண்டு விலகிவிடுவார்கள். பெரியப்பாவும் திட்ட மாட்டார். திட்டினால் நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது என் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிடிக்காமல் இவன் வேலையை விட்டால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். நான் பார்த்ததில் பயம் அதிகம் இந்த மூன்றாவது இடத்தில்தான், அதுவும் எல்லாருடைய முகத்திலும் சிரிப்போடு.

திருப்பூரில் நல்ல மேலாளர்கள் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் 4 வருடம் இருந்தார். அவருடைய லைன் சூப்பர்வைசர் அக்காவைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். திருப்பூரில் நேரத்தை ஷிப்ட்டில்தான் எண்ணுவார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், இரவு ஒன்பது வரை ஓடினால் ஒன்றரை. கண்டெய்னர் போகிற வாரத்தில் விடிய விடிய நிற்கச் சொல்வார்கள். ஒருமுறை அப்படிக் கேட்டு வந்த மெர்ச்சன்டைசரிடம் (ஆர்டரைக் கவனிக்கிறவர்) அந்த அக்கா, “ஒன்றரைக்கு மேல என் பிள்ளைங்க நிக்காது. கண்ணு சொருகிட்டுப் பார்த்தா ஓட்டை விழுந்த பீஸும் பாஸ் ஆயிரும், பரவாயில்லைங்களா?” என்று கேட்டாராம். அந்த ஆள் திரும்பிப் போய்விட்டார். அதே அக்கா, மறுநாள் காலை எட்டரைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பெண்ணை விட்டுவைக்கவும் இல்லை. மேலே இருந்து வருகிற நெருக்கடியைத் தானே வாங்கிக்கொண்டு, கீழே இருப்பவர்களிடம் வேலையில் கறாராக இருந்தார். பத்தாம் வகுப்பு தாண்டாதவர். நான் கேள்விப்பட்ட மேலாளர்களில் அவருக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பெரியப்பா யூனிட்டுக்கு அவன் போகலாம். ஆனால் நாலைந்து வருடம் வெளியே வேலை பழகி, அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அப்போது அவனுக்கும் மரியாதை, அவருக்கும் உதவி.

என்ன முடிவு செய்தோம்

வீட்டில் கடன் நெருக்கினால் நான் சொன்ன எதையும் கேட்க வேண்டியதில்லை. 14,000-க்கும் 18,000-க்கும் உள்ள 4,000 ரூபாய் வித்தியாசம் சில வீடுகளில் மாத வட்டி. அந்த நிலையில் அதிகச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவதுதான் சரி. வெளியூரில் தனியாகத் தங்கப்போகிற பெண் பிள்ளையாக இருந்தாலும், பஸ்ஸும் பாதுகாப்பும் புகார் சொல்ல ஒரு குழுவும் இருக்கிற பெரிய கம்பெனியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். என் அக்கா வீட்டில் இப்போதைக்கு அந்த நெருக்கடி இல்லை. கொஞ்சம் காடு இருக்கிறது, இரண்டு எருமை இருக்கிறது, காலம் தள்ளலாம்.

டூல் ரூம் உறுதியாகக் கிடைத்திருந்தால் பெரிய கம்பெனிதான். சம்பளம் குறைவு என்றாலும் யோசித்திருக்க மாட்டேன். அது உறுதியில்லை என்றானதும் பட்டறை என்று முடிவு செய்தோம். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “படிச்ச பையனைப் பட்டறைக்கு அனுப்பறயே” என்று போனில் கேட்டார். தட்டில் இருந்த பீஸ்களையும் அதில் பெயர் எழுதாததையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆயுத பூஜைப் பொரிக் கதையைச் சொன்னதும் சமாதானமாகிவிட்டார்.

ஓராண்டு விதி இருப்பதால், பத்தாவது மாதம் உட்கார்ந்து பேசுவது என்று அவனும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் தன் டூலைத் தானே தீட்ட விட்டிருக்க வேண்டும். சி.என்.சி.யில் ஒரு ஜாப்பையாவது தானே செட்டிங் செய்து முதல் பீஸ் எடுத்திருக்க வேண்டும். ரேட் பேச ஆள் வரும்போது பக்கத்தில் நிற்க விட்டிருக்க வேண்டும், இரும்பு எவ்வளவு, மெஷின் நேரம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு கணக்காவது காதில் விழுந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு நடக்கவில்லை என்றால் முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டு அப்ரெண்டிஸுக்குப் போய்விட வேண்டியதுதான். இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கும்.

சேர்ந்து மூன்றாவது வாரம், இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

“மாமா, இன்னைக்கு ஒரு பீஸ் போயிருச்சுங். ஓனர் அண்ணாகிட்டப் போய்ச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“டூலைக் கழட்டிட்டு வான்னாரு. லென்ஸை வெச்சு நுனியைப் பார்க்கச் சொன்னாரு. ஓரத்துல பொடிசா உடைஞ்சிருந்துச்சுங். எத்தனாவது பீஸ்ல உடைஞ்சிருக்கும்னு கேட்டாரு. தெரியலைன்னேன். அப்ப முந்தின பத்தையும் எடுத்து அளந்து பாருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

“அளந்தியா?”

“ஏழாவதுல இருந்து வித்தியாசம் காட்டுதுங் மாமா.”